ஐந்தரை மணிக்கு நவகிரிக் குளக்கட்டில்: படுவான்கரைக் கிரவல் ஓட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பகல் 12 மணிக்கு, இலங்கையின் கிழக்கில் உள்ள நவகிரிக் குளக்கட்டைக் கடந்திருக்க வேண்டிய சைக்கிள் குழு ஒன்று, ஆடி மாதத்து மாலை ஐந்தரைக்குத்தான் கட்டடிக்கு வந்து சேர்ந்தது. முன்னால் போன இரண்டு பேர் கட்டில் ஏறிப் பாதித் தூரம் போய்விட்டார்கள். மறுமுனையில் பற்றைக்காட்டுக்குள்ளிருந்து யானைகள் தண்ணீருக்கு இறங்கிக்கொண்டிருந்தன. பரணில் இருந்த காவல்காரர் ஒருவர் கண்டு கூப்பாடு போட்டதால் இருவரும் நின்றார்கள், சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். காயம் ஒன்றுமில்லை. அன்றிரவு அம்பாறையில் எடுத்திருந்த அறைகள் சும்மா கிடந்தன. குழு கொலனி எனப்படும் குடியேற்ற ஊர் ஒன்றில் படுத்து எழும்பியது.

ஊருக்குத் திரும்பியதும் கதை "யானை வந்து மறிச்சிட்டுது" என்று ஆகிவிட்டது. யானை தன் நேரத்துக்குத்தான் வந்தது. பிந்தியது சைக்கிள். அந்த ஐந்தரை மணித்தியாலமும் எங்கெங்கே போனது என்று பார்ப்பதுதான் இந்த எழுத்தின் வேலை. குழுவில் நானும் ஒருவனாக ஓடினேன். வழித்தடம் வரைந்தவர்கள் வேறு இருவர். அவர்களையும் காவல்காரரையும் பிறகு ஆறுதலாகக் கேட்டு, தொலைபேசியில் பதிவாகியிருந்த ஓட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

திட்டம்

கிரவல் என்றால் தார் போடாத சரளை மண் ரோட்டு. கிரவல் சைக்கிள் என்பது தார் ரோட்டுப் பந்தயச் சைக்கிளின் வளைந்த கைபிடியும், மலைச் சைக்கிளுக்குக் கிட்டவான தடித்த டயரும் கொண்ட ஒரு கலப்பு. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து எம்போரியாவில் 2006 இல் தொடங்கிய 200 மைல் போட்டி போன்றவற்றால் இந்த ஓட்டம் பெயர் பெற்றது. அங்கே பண்ணைகளுக்கும் மேய்ச்சல் தரைகளுக்கும் நடுவே மைல் கணக்கில் கல் ரோட்டுகள் கிடக்கின்றன. நம்மிடமும் கிடக்கின்றன. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இறங்கினால் வட்டை எனும் வயல்வெளி, குளம், பற்றைக்காடு, கல்மலை என்று மாறி மாறி வரும். ஊடே செல்வதெல்லாம் கிரவல். கொழும்பிலிருந்து வரும் ஓட்டக்காரர்கள் அறுகம்பையோடு நின்றுவிடுகிறார்கள், பாணமையிலிருந்து ஒக்கந்தை வரை போகும் கிரவல் ரோட்டை ஒருதரம் ஓடிவிட்டுக் கிழக்கைப் பார்த்தாயிற்று என்கிறார்கள். அதைவிட நல்ல ஓட்டம் நம் வாசலில் இருக்கிறது என்று காட்டவேண்டும் என்ற ஆசையில்தான் இந்தத் திட்டம் பிறந்தது. ஆசையில் பிழை சொல்ல மாட்டேன்.

முதல் நாள் கல்லடியில் தொடங்கி, வலையிறவுப் பாலத்தால் வவுணதீவுக்குப் போய், ஆயித்தியமலை தாண்டி உன்னிச்சைக் குளம். அங்கிருந்து தெற்கே திரும்பிக் காட்டோரத் தடங்களால் தாந்தாமலை. பிறகு நவகிரி. அப்புறம் கொலனிகள் வழியாக சென்றல் கேம்ப் என்னும் ஊர், இரவு அம்பாறை. காகிதத்தில் ஏறக்குறைய 110 கிலோமீற்றர். நவகிரி வரை 80. இரண்டாம் நாள் கொண்டவட்டுவான் குளம், நாமல் ஓயா, இங்கினியாகலை. குளத்திலிருந்து குளத்துக்கு ஓடுவது என்ற எண்ணம் அழகானது. கிழக்கில் எந்தக் குளத்தின் கட்டில் ஏறி நின்றாலும் ஒரு பக்கம் தண்ணீரும் காடும், மறுபக்கம் வயலும் தெரியும்.

வேகம் மணிக்கு 18 கிலோமீற்றர் என்று போட்டிருந்தார்கள். விடிய 5.30க்குப் புறப்பாடு. நவகிரி வரை ஓடுவதற்கு நாலரை மணித்தியாலம், நிற்பதற்கு இரண்டு மணித்தியாலம். ஆக 12 மணி.

நடந்தது வேறு. புறப்பட்டது 6.30க்கு, அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாக் குழுவிலும் பம்பைத் தேடுகிற ஒருவர் இருப்பார். நிற்கும் நேரம் இரண்டிலிருந்து மூன்றரையாக ஏறியது. மிச்சம் மூன்று மணித்தியாலமும் ஓட்டத்திலேயே போனது. உன்னிச்சை வரையான 30 கிலோமீற்றர் பெரும்பாலும் தார் ரோட்டு. ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்தது. அடுத்த 50 கிலோமீற்றருக்கு நிற்காமல் உருண்ட நேரம் மட்டுமே ஆறு மணித்தியாலம். மணிக்கு எட்டுச் சொச்சம். பெட்டி கட்டின சைக்கிளில் மீன் விற்கப் போகிறவர் அதைவிடக் கெதியாகப் போவார்.

கிரவல் என்று ஒன்று இல்லை

திட்டத்தில் இந்த 50 கிலோமீற்றரும் 'கிரவல்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தது. வரைபடத்தில் ஒரே நிறத்துப் புள்ளிக்கோடு. தரையில் அது நாலைந்து வகை, ஒவ்வொன்றுக்கும் தனி வேகம்.

மிக நல்லது வாய்க்கால் கட்டு. நீர்ப்பாசனத்தின் பெரிய வாய்க்கால்கள் நிலத்தின் சம உயரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும், தண்ணீர் இறங்கக் கொஞ்சம் சரிவு போதும். ஆகவே பக்கத்தில் கிடக்கும் பராமரிப்புப் பாதையில் ஏற்றமே இருக்காது. வளைந்து வளைந்து போவதால் தூரம் கூடும், ஆனால் மணிக்கு 18 என்று யாராவது சொன்னால் இங்கே நம்பலாம். துருசு எனும் மதகைத் திறக்கவும் மூடவும் ஆட்கள் போய்வர வேண்டும் என்பதற்காக இருக்கும் பாதை என்பதால் அடைபடுவதும் குறைவு. குளக்கட்டும் இறுகிய தரைதான். தண்ணீர்ப் பக்கத்துச் சரிவில் அலைக்கு அடுக்கிய கல் இருக்கும், அந்தப் பக்கம் சரிந்தால் முழங்கால் போகும். அகலம் குறைந்த கட்டில் இரண்டு பேர் சோடியாக ஓடக்கூடாது.

அடுத்தது கொலனிக் கிரவல் ரோட்டு. பார்க்க அகலமாக, சிவப்பாக, படம் எடுக்க ஆசையாக இருக்கும். ஓடினால் பல் கழரும். காய்ந்த காலத்தில் டிப்பர்கள் ஓடி ஓடிக் குறுக்கே அலை அலையாக மேடு விழுந்திருக்கும். இது ரோட்டுப் போட்டவனின் குற்றம் மட்டும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இயற்பியலாளர்கள் இதை மணல்தட்டில் ஒரு சில்லை உருட்டிச் சோதித்து 2007 இல் எழுதியிருக்கிறார்கள்: தளர்ந்த தரையில் சில்லு குறிப்பிட்ட ஒரு வேகத்தைத் தாண்டினால் போதும், வில்லுச் சுருளோ எஞ்சினோ இல்லாமலே அலை தானாக எழும். அந்த வேகத்துக்குக் கீழே தரை மட்டமாகவே கிடக்கும். டிப்பர்காரர் அலையின் உச்சிகளைத் தொட்டுக்கொண்டு பறந்துவிடுகிறார். சைக்கிள்காரர் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறங்கி ஏறுகிறார். ரோட்டின் ஓரத்து ஒரு முழ அகலம் சில இடங்களில் தப்பியிருக்கும். அதைப் பிடிக்கப் போனால் நெருஞ்சி.

நெருஞ்சி முள்ளால் மட்டும் உன்னிச்சைக்கும் தாந்தாமலைக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் போனது. டியூப் இல்லாத டயரில், ஓட்டையைத் தானே அடைக்கும் பால் போன்ற திரவத்தை ஊற்றி வந்தவர்கள் முள்ளை இழுக்காமல் விட்டு ஓடினார்கள், தப்பினார்கள். ஆனால் அந்தப் பால் நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் உள்ளே காய்ந்து தோலாகிவிடும் என்பதைக் கவனிக்காத ஒருவருக்குக் காற்று போய்க்கொண்டே இருந்தது. டியூப் போட்டவர்கள் ஒட்டுப் போட்டார்கள். டியூபில் ஓட்டை ஒன்று என்று நினைத்து ஒட்டி மாட்டினால் அடுத்த முள் டயருக்குள்ளேயே இருக்கும். டயரின் உட்புறத்தை விரலால் முழுக்கத் தடவிப் பார்க்காமல் மாட்டக்கூடாது.

மூன்றாவது, மணல். அம்பாறையின் கல்லோயாப் பக்கத்து மண் பெரும்பகுதியும் மணல் கலந்த கபில மண். மட்டக்களப்பின் உட்பகுதியிலும் ஓடை குறுக்கிடும் இடமெல்லாம் மாரி வெள்ளம் கொண்டுவந்த மணல் கிடக்கும். மார்கழி தையில் இடுப்பளவு தண்ணீர் ஓடும் இடத்தில் ஆடியில் கணுக்கால் புதையும் வெள்ளை மணல். நடக்கவேண்டியதுதான்.

கடைசி வகைதான் நேரத்தை அதிகம் தின்றது: ரோட்டே இல்லாத ரோட்டு. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் போன்ற வரைபடங்களில் காட்டோரத் தடங்கள் பலவும் செய்மதிப் படத்தைப் பார்த்து யாரோ கோடு இழுத்தவை. மேலிருந்து பார்க்கும்போது மாட்டுத் தடமும் வண்டித் தடமும் ஒன்றுபோலத் தெரியும். சிறுபோக நெற்செய்கை தொடங்கும்போது மாட்டுப் பட்டிகளை வயற்புறத்திலிருந்து அப்புறப்படுத்தி மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோவார்கள். நூற்றுக்கணக்கான மாடுகள் போய்வந்த தடம் தெளிவாகவே விழும். ஆனால் அது போய்ச் சேருவது ஒரு பட்டியடிக்கோ ஒரு மடுவுக்கோ. அப்படி இரண்டு தடங்களில் இறங்கித் திரும்பினோம். இரண்டாவதில் பட்டிக்காரர் ஒருவர் இருந்தார், வெயிலில் சிவந்த முகங்களைப் பார்த்து மோர் தந்தார், "இஞ்சால ஆரு உங்களுக்கு ரோட்டு இருக்கெண்டு சொன்ன?" என்றார். தொலைபேசியைக் காட்டினோம். அவர் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

திரும்பி வரத்தான் வேண்டும், குறுக்கே பற்றைக்குள் இறங்கி அடுத்த ரோட்டைப் பிடிக்கலாம் என்ற யோசனை வேண்டாம். மட்டக்களப்பு மாவட்டம் 2017 இல் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டுவிட்டது, அந்தப் பயம் இன்று இல்லை. ஆனால் பன்றிக்கும் மானுக்கும் பொறியாகக் கட்டும், தட்டினால் வெடிக்கும் கட்டுத்துவக்கு இருக்கிறது, வயலோரத்தில் சட்டத்துக்கு மாறாக நேரடி மின்சாரம் கொடுத்த கம்பி இருக்கிறது. முறையான யானை வேலி விட்டுவிட்டுத் துடிக்கும் மின்சாரத்தில் இயங்குவது, தொட்டால் உதறிவிடும், கொல்லாது. வீட்டு லைனிலிருந்து இழுத்த கம்பி யானையையும் கொல்லும் ஆளையும் கொல்லும்.

டயரும் காற்றும்

குழுவில் பலர் 40 மில்லிமீற்றர் டயர் போட்ட கிரவல் சைக்கிள், சிலர் மலைச் சைக்கிள், ஒருவர் அப்பாவின் பழைய லுமாலாச் சைக்கிள். லுமாலாக்காரரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அந்த 28 அங்குலச் சைக்கிளின் ஒன்றரை அங்குல டயரும் ஏறக்குறைய 40 மில்லிமீற்றர்தான். இந்த ஊர் மனிதர்கள் நெல்மூட்டை ஏற்றி ஓடிய அதே அகலத்தைத்தான் இப்போது லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறோம். அன்று அவருக்கு ஒட்டு விழவேயில்லை. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் செருப்பால் பிடித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பலர் டயரைக் கல்லுப்போல ஊதியிருந்தார்கள், தார் ரோட்டுப் பழக்கம். 70 கிலோ ஆளுக்கு 40 மில்லிமீற்றர் டயரில், டியூப் இல்லாவிட்டால் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும், டியூப் இருந்தால் கல்லில் நசிந்து கிழியாமலிருக்க இன்னும் கொஞ்சம் கூட்டலாம். 60இல் ஊதியவர் அலை ரோட்டில் துள்ளித் துள்ளி அரைவாசி வலுவை மேலே எறிந்துவிட்டார். உன்னிச்சையில் தார் முடிந்த இடத்திலேயே எல்லோரும் இறங்கிக் காற்றைக் குறைத்திருந்தால் அரை மணித்தியாலமாவது மிஞ்சியிருக்கும். அங்கே இறங்கினோம்தான், முக்கால் மணித்தியாலம் நின்றோம், மட்டக்களப்பு நகரத்துக்குக் குடிதண்ணீர் தரும் குளத்தின் கட்டில் நின்று படம் எடுத்தோம்.

வானத்துக் காற்றையும் திட்டத்தில் யாரும் எழுதவில்லை. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் அடிக்கும். தென்மேற்கிலிருந்து மலை தாண்டி, மழையை அங்கேயே இறக்கிவிட்டு, காய்ந்து சூடேறி இங்கே வரும் காற்று. காலை ஒன்பது பத்து மணிக்குப் பிறகு தெற்கேயும் மேற்கேயும் ஓடுகிறவருக்கு அது நேரே முகத்தில் அடிக்கும். களைப்பு ஒரு பக்கம். மற்றப் பக்கம்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. யானைக்குக் கண்பார்வை குறைவு, மூக்குத்தான் கண். எதிர்க்காற்றில் போகிறவரின் வாடை அவருக்குப் பின்னால் போய்விடும், முன்னால் நிற்கும் யானைக்கு எட்டாது. மோட்டார் சைக்கிளென்றால் சத்தம் முன்னால் போகும். சைக்கிளுக்குச் சத்தமும் இல்லை. திருப்பத்தில் இருவருக்கும் ஒரே நேரத்தில் திடுக்கம். கரடிக்கும் இதே கதை. பாலைப்பழம் விழும் காலத்தில் மரத்தடியில் தலையைக் குனிந்து தின்றுகொண்டிருக்கும், கிட்டப் போகும்வரை கேட்காது, கேட்டதும் ஓடாமல் பாய்கிற விலங்கு அது. மணி அடித்துக்கொண்டு, கதைத்துக்கொண்டு ஓடுவது காட்டில் மரியாதைக்குறைவு என்று நினைப்பவர்கள் கரடி கடித்த ஒருவரின் முகத்தை ஒருமுறை பார்க்கவேண்டும்.

தாந்தாமலையில் எடுத்த முடிவு

பகல் 1.15க்குத் தாந்தாமலை முருகன் கோயிலடிக்கு வந்தோம். ஆடித் திருவிழாக் காலம், சனம் நிறைந்திருந்தது. அன்னதானத்தில் உட்கார்ந்தால் கெதியாக எழும்ப முடியாது, எழும்பவும் மனமில்லை. 2.30க்குப் புறப்பட்டோம். திட்டத்தின்படி அப்போது அம்பாறையில் குளித்துக்கொண்டிருக்க வேண்டும்.

என் பார்வையில் நிகழ்வு நடந்த இடம் நவகிரி இல்லை, இதுதான். படுவான்கரையிலிருந்து கரையோரத்துக்கு வெளியேற வழிகள் கையில் எண்ணக்கூடியவை: வடக்கே வலையிறவுப் பாலம், நடுவே 2014 இல் திறந்த மண்முனைப் பாலம், தெற்கே பட்டிருப்புப் பாலம். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் பாதை ஓடும், அது படகு. எந்த இடத்தில் நின்றாலும் பின்வாங்குவதற்கு எந்தப் பாலம் என்று தெரிந்திருக்க வேண்டும். தாந்தாமலையிலிருந்து கிழக்கே கொக்கட்டிச்சோலை, அங்கிருந்து மண்முனைப் பாலம். நல்ல ரோட்டு, கச்சான் முதுகைத் தள்ளும், வெயில் தாழுமுன் வீடு. 2.30க்கு அதைத்தான் பிடித்திருக்க வேண்டும்.

ஏன் பிடிக்கவில்லை? வழித்தடம் வரைந்தவர்களில் ஒருவர் பிறகு நேராகவே சொன்னார்: அம்பாறை அறைக்குக் காசு கட்டியாயிற்று, பைகள் வானில் முன்னே போய்விட்டன. இன்னொருவர், மிச்சம் கொஞ்சத் தூரம்தானே என்றார். கிலோமீற்றரில் கொஞ்சம்தான். அந்த நேரம் வரை ஓடிய வேகத்தை வைத்து யாராவது கணக்குப் பார்த்திருந்தால் ஐந்தரை என்று வந்திருக்கும். ஒருவர் கேட்டார்: கோயிலடியில் கடை போட்டிருந்தவரிடம், நவகிரிப் பக்கம் போகலாமா என்று. "போகலாம், வெள்ளெனப் போனா போகலாம்" என்றாராம். வெள்ளென என்பதைக் கேட்டவர் 'இப்போதே கிளம்பினால்' என்று எடுத்துக்கொண்டார். கடைக்காரர் சொன்னது விடியற்காலையை.

கட்டடி

ஆடியில் சிறுபோக நெல் பால்பிடித்து முற்றும். யானைக்கு அதன் வாசனை எட்டும்; காட்டுக்குள் மடுக்களும் வற்றத் தொடங்கியிருக்கும். குளத்துக்கும் வயலுக்கும் அது வருகிற நேரம் வெயில் சாயும் நேரம். வெல்லாவெளி, போரதீவுப்பற்று, வவுணதீவுப் பக்கத்துச் சனத்துக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. நாலரை மணிக்கு மாடு சாய்த்து, ஐந்து மணிக்குப் பரணில் ஏறி, பிள்ளைகளை ரோட்டில் விடாமல், அந்த நேரத்தைச் சுற்றியே அவர்களின் நாள் ஒழுங்காகியிருக்கிறது. 2011 இல் எடுத்த கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள். அண்மைய ஆண்டுகளில் யானை தாக்கிச் சாகும் மனிதர் ஆண்டுக்கு நூற்றுக்கு மேல், சாகும் யானைகள் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. இந்தக் கணக்குக்குள் ஒரு சைக்கிள் குழு போய் விழாதது பரண்காரரின் கண்ணால்.

குழு அப்போது நீளமாகச் சிதறியிருந்தது. முன்னவருக்கும் கடைசியாளுக்கும் நல்ல இடைவெளி. முன்னே போன இருவரும் வேகமானவர்கள், கட்டைக் கண்டதும் நல்ல தரை என்ற சந்தோசத்தில் மிதித்திருக்கிறார்கள். பரண்காரரின் சத்தம் கேட்டு நின்றபோது மறுமுனையில் யானைகள் தெரிந்தன, ஒரு குட்டியோடு. அவர் கூப்பிட்டுச் சொன்னது மூன்றே விசயம்: ஓடாதீங்க, ஏறி மிதிக்காதீங்க, உருட்டிக்கொண்டு வாங்க. கட்டு ஒடுங்கியது. பதற்றத்தில் சைக்கிளைத் திருப்பி ஏறினால் விழுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். வந்தார்கள்.

நாங்கள் எல்லோரும் சேர்ந்தபோது அவர் பரணிலிருந்து இறங்கியிருந்தார். கோபத்தைவிடச் சலிப்புத்தான் இருந்தது.

"அஞ்சு மணிக்குப் பொறவு இந்தக் கட்டு எங்கட இல்ல மனே. நாங்களே ஏற மாட்டம்."

"இனி அம்பாறைக்கு எப்பிடிப் போற ஐயா?"

"இண்டைக்கா? இண்டைக்குப் போறல்ல. கொலனிக்குத் திரும்புங்க. விடிஞ்சாப் போகலாம்."

கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் நிலம் கொடுத்துக் குடியேற்றிய ஊர்களுக்கு இலக்கம் போட்டார்கள். அந்த இலக்கங்களே இன்றும் ஊர்ப்பெயர். அப்படி ஒரு கொலனியில், அவருடைய சொந்தக்காரர் வீட்டு முற்றத்தில் பாய் விரித்தார்கள். சோறு, கீரை, கருவாட்டுக் குழம்பு. காசு நீட்டியதற்கு வீட்டம்மா முகம் சுளித்தார். காலையில் அவர்களின் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு வந்தோம், அதுவும் சரியா தெரியவில்லை.

விழுந்து முழங்கால் உரிந்திருந்த ஒருவர் வயல் வாய்க்காலில் காலைக் கழுவப் போனார். வீட்டுக்காரர் தடுத்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். எலிக்காய்ச்சல் வயல் தண்ணீராலும் வரும், கீறல் உள்ள காலுக்கு அது திறந்த கதவு. விதைப்புக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர்கள் விவசாயிகளுக்கு டொக்சிசைக்கிளின் கொடுப்பதும் அதனால்தான். குழுவின் மருந்துப் பெட்டியில் வலி தெளிப்பான் இருந்தது, சவர்க்காரம் இல்லை.

இரண்டாம் நாள்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லாம் சரியாக நடந்தது. வெளிச்சம் வந்தபின் கிளம்பி, தார் ரோட்டால் அம்பாறை, அங்கே வழித்தடத்தைப் பாதியாக வெட்டி, கொண்டவட்டுவான் பக்கமிருந்து நாமல் ஓயா, இங்கினியாகலை. இரண்டு மணிக்கு ஓட்டம் முடிந்தது.

அம்பாறைப் பக்கம் ஏன் இலகுவாக இருந்தது என்பதற்குப் பாதி காரணம் பழையது. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, சுமார் 950 மில்லியன் கன மீற்றர் கொள்ளும் சேனாநாயக்க சமுத்திரம் எழுந்தது, நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். இடக்கரை வலக்கரை வாய்க்கால்கள் மைல் கணக்கில் போயின. வாய்க்கால் போன இடமெல்லாம் ஒரு மட்டமான பாதையும் போனது. திட்டமிட்டு வெட்டிய நிலத்தில் தடங்கள் எங்கே போய் முடியும் என்பது தெரியும். பட்டிகளும் ஓடைகளும் தாமே வரைந்த படுவான்கரையில் கேட்டால்தான் தெரியும்.

சமுத்திரத்தின் நீரேந்து பகுதியைக் காக்க 1954 இல் கல்லோயாத் தேசியப் பூங்கா வந்தது, ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர். அதற்குள் சைக்கிள் போட்டுப் பார்க்கலாமே என்று ஒருவர் கேட்டார். கூடாது. அனுமதிச்சீட்டு எடுத்து வாகனத்திலோ படகிலோ, வனஜீவராசிகள் திணைக்களத்தின் ஆளோடு போகிற இடம் அது. யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைப் படகில் இருந்து பார்க்கலாம். சைக்கிள் கரையில் நிற்கட்டும். எல்லைக்கு வெளியே ஓடினாலும் பூங்கா மரங்களெல்லாம் தெரியும்: கடுக்காய், தான்றி, நெல்லி, முழங்காலுக்கு மேல் மானாப்புல்.

அம்பாறை நகரத்தில் நேரத்தைப் பற்றிய அறிவு இன்னும் வெளிப்படையானது. யப்பானியர் கட்டிய சமாதான தூபிப் பக்கம் யானைகள் மாலையில் கடப்பதைப் பார்ப்பதற்கென்றே சனம் போய் நிற்கும். நேரம் கேட்டால் தேநீர்க் கடைக்காரரும் சொல்வார்.

இப்போது

குழு வழித்தடத்தை மாற்றிப் போட்டிருக்கிறது. படுவான்கரைப் பகுதியை ஒரே நாளில் அறுப்பது இல்லை. உன்னிச்சைக்குப் போய்த் திரும்புவது ஒன்று, கொக்கட்டிச்சோலையிலோ வெல்லாவெளியிலோ முதல்நாள் இரவே தங்கி விடிய நவகிரி போவது இன்னொன்று. கிரவலில் ஒரு நாளைக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் இல்லை, மணிக்கு 10 என்றே கணக்கு. மூன்று மணிக்குக் காட்டோரத்தில் யாரும் இருக்கக்கூடாது. அந்த நேரத்தில் எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து கிட்டவுள்ள பாலத்துக்குத் திரும்புவது. பைகளை முன்னே அனுப்பும் வான் இனி இல்லை, அது நடுவழியில் நிற்கும். போகுமுன் அந்தந்த வட்டையின் வயல், தண்ணீர்ப் பொறுப்பாளரான வட்டவிதானையிடம் பேசவேண்டும் என்பதை நான்தான் சேர்க்கச் சொன்னேன்: எந்த வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறது, எந்தக் கட்டு உடைந்திருக்கிறது, யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அவரைவிட யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். வரப்பில் ஓடுவது இல்லை. யானை வேலியின் படலைத் திறந்தால் மூடவேண்டும். முன்னே வந்த வேறு யாரோ திறந்துவிட்டுப் போன கதையைப் பரண்காரர் எங்களிடம் சொல்லி ஆறினார். யானையை விரட்டக் கொளுத்தும் யானை வெடி வாங்கிவைத்துக்கொள்வோமா என்ற யோசனையைத் தள்ளிவிட்டார்கள், நல்ல காரியம். பழக்கமில்லாதவர் கையில் அது விரலைத்தான் எடுக்கும்.

மாதம் பற்றி இன்னும் முடிவாகவில்லை. மார்கழி தையில் மழை, ஓடைகள் கடக்க முடியாது, ஈரக் கிரவல் வழுக்கும். ஆடியில் கச்சானும் நெல் காவலும். எனக்குப் பிடித்தது பெரும்போக அறுவடை முடிந்து வெயில் ஏறுமுன் வரும் பங்குனி. குளங்கள் நிறைந்து நிற்கும், தரை இறுகியிருக்கும், வயலில் யானைக்கு வேலை குறைவு. சிலருக்கு அப்போது நெல் சூடடிக்கும் காலத்து உழவு இயந்திரங்களின் தூசி பிடிக்காது.

பெரிய தகராறு தொலைபேசியில் பதிவான வழித்தடக் கோப்பு பற்றியது. பதிந்த ஓட்டத்தை எல்லோருக்கும் பொதுவாக ஏற்றிவிடலாம் என்று பாதிப்பேர். கோப்பில் கோடு இருக்கும், நேரம் இருக்காது. கொழும்பிலிருந்து ஒருவர் அதை இறக்கி, காலைச் சாப்பாட்டை ஆறுதலாக முடித்து, பத்து மணிக்கு ஆயித்தியமலையில் தொடங்கினால் அதே கட்டடிக்கு அதே ஐந்தரைக்கு வருவார், பரணில் ஆள் இருக்கிற நாளாக அது இருக்கவேண்டும் என்றும் இல்லை. இப்போதைக்கு அம்பாறைக் கோப்பு பொதுவில் கிடக்கிறது. உன்னிச்சைக்கும் நவகிரிக்கும் இடைப்பட்ட துண்டைக் கேட்கிறவருக்குத் தொலைபேசியில் பேசிய பிறகு அனுப்புகிறோம், எந்த இடத்தை எத்தனை மணிக்குள் தாண்டவேண்டும் என்ற அட்டவணையோடு.